பயற்றுப் பூரணமும் கசப்புத் தேநீரும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஜப்பானியச் சமையலைப் பற்றிய சில கேள்விகளுக்கு விடை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சோற்றையும் மீனையும் விட்டுவிட்டு இனிப்பையும் நொறுக்குத் தீனியையும் பற்றியே கேட்கின்றன. கியோட்டோவுக்கு அருகில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்து, வாரம் ஒரு கடையாகத் தேடித் தேடித் தின்றவனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கடிதங்கள் வேறு இல்லை. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

டோக்கியோவில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது மோச்சி, தொராயாக்கி என்று நான்கு பெட்டி இனிப்புகள் கொண்டுவந்தான். ஆளுக்கொரு துண்டு தின்று பார்த்தோம். "சுண்டலுக்கு வேகவைத்த பயற்றில் சர்க்கரை போட்டுப் பிசைந்தது மாதிரி இருக்கிறது" என்றார் என் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இதையா அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறார்கள்?
— வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் மாமியார் சொன்னதில் தவறே இல்லை. அது சர்க்கரை சேர்த்துப் பிசைந்த பயறுதான். அஸுகி என்னும் அந்தச் சிவப்புப் பயறு நம் பாசிப்பயற்றுக்கும் உளுந்துக்கும் தட்டைப்பயற்றுக்கும் நெருங்கிய உறவு; நான்கும் ஒரே தாவரப் பேரினத்தைச் சேர்ந்தவை. அதை வேகவைத்துச் சர்க்கரையோடு கிளறி எடுக்கும் பூரணத்துக்கு 'அன்' என்றும் 'அங்கோ' என்றும் பெயர். ஜப்பானிய மரபு இனிப்புகளில் பெரும்பாலானவை இந்தப் பூரணத்தை நம்பியே நிற்பதால், இது நாவுக்குப் பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமாகவே பிடித்துவிடும்.

நம் நாக்கு இடறும் இடம் எது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முதல் ஆறு மாதம் நானும் அங்கேதான் இடறிக்கொண்டிருந்தேன். இனிப்பு என்றதுமே நாம் நெய்யின் மணத்தையும் ஏலக்காயையும் எதிர்பார்க்கிறோம். ஜப்பானிய மரபு இனிப்பு பாலும் நெய்யும் இல்லாமல் வளர்ந்தது. பயற்றின் மணத்தை மறைக்க அதில் எதுவும் இல்லை. மறைக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பதும் இல்லை. பயறு ஒரு கொதி வந்ததும் அந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். துவர்ப்பு அதில் போய்விடும். அளவுக்கு மீறிக் கொட்டினால் மணமும் நிறமும் சேர்ந்து போகும், குறைவாகக் கொட்டினால் தொண்டையில் ஒரு கரகரப்பு நிற்கும். இந்த ஒரு படியிலேயே நல்ல கடையும் சுமாரான கடையும் பிரிந்துவிடுகின்றன. பிறகு தோலோடு முழுப்பயறு தெரியக் கிளறினால் அது 'த்ஸுபுஅன்'. தோலை நீக்கிச் சல்லடையில் தேய்த்து, நீரில் தெளியவிட்டு, தெளிந்த நீரை இறுத்து இறுத்துத் துணியில் பிழிந்து, அதன் பிறகு சர்க்கரை சேர்த்தால் அது 'கொஷிஅன்'. உங்கள் வீட்டுக்கு வந்த தொராயாக்கியில் முதல் வகை இருந்திருக்கும். என் விருப்பத்தைக் கேட்டால், இரண்டு அப்பங்களுக்கு நடுவே வைக்கும் தொராயாக்கிக்குத் தோலோடு கூடிய பூரணமும், ஆவியில் வேகும் மஞ்சூவுக்குச் சந்தனம்போல் வழுவழுவென்று இருக்கும் பூரணமும்தான் பொருந்தும் என்பேன்.

அடுத்தது, எதனோடு தின்றீர்கள் என்பது. பாலும் சர்க்கரையும் கலந்த காப்பியோடு தின்றிருந்தால் அந்த இனிப்புக்கு நியாயம் கிடைத்திருக்காது. தேநீர்ச் சடங்கில் இனிப்பை முதலில் கொடுத்துவிட்டு, அது முழுவதும் தின்று முடிந்த பிறகுதான் மாச்சா என்னும் பச்சைத் தேயிலைத் தூள் கரைத்த கசப்பான பானத்தைத் தருவார்கள். நாவில் எஞ்சியிருக்கும் இனிப்பின்மேல் அந்தக் கசப்பு வந்து இறங்கும்போதுதான் இரண்டுக்கும் பொருள் கிடைக்கிறது. வீட்டில் மாச்சா இல்லாவிட்டால் கவலை இல்லை, பாலும் சர்க்கரையும் இல்லாத கடுந்தேநீர் போதும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்தப் பெட்டி எத்தனை நாள் பயணம் செய்தது, எங்கே வைக்கப்பட்டிருந்தது? நீர்ச்சத்து 30 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள இனிப்புகளை 'நமகாஷி' என்று தனியாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். அவற்றில் கைவினைஞர் அன்று காலை பிடித்துவைப்பவற்றை அன்றே தின்றுவிட வேண்டும். விமான நிலையப் பெட்டிகளில் வரும் மோச்சி பெரும்பாலும் பசையரிசி மாவோடு நிறையச் சர்க்கரை சேர்த்துக் கிளறியது. சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அது சில வாரங்கள்கூட மெத்தென்று இருக்கும். சர்க்கரை குறைந்த மோச்சியோ ஒரே நாளில் இறுகிவிடும். வெந்த அரிசி மாவு குளிரில் மேலும் விரைவாக இறுகும் என்பதால், மோச்சியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். சில நாள் வைத்திருக்க வேண்டுமென்றால் உறைபெட்டியில் வைத்து, தின்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவிடுங்கள். சென்னையில் ஒரு கடையில் 'புத்தம் புதியது' என்று சொல்லி எனக்குக் கொடுத்த மோச்சியைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. அதை முதன்முதலாகத் தின்ற என் நண்பர் இனி வாழ்நாளில் மோச்சியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த முறை உங்கள் மகன் வரும்போது வராபிமோச்சி கொண்டுவரச் சொல்லுங்கள். நடுங்கும் பதத்தில் இருக்கும் மாவுத் துண்டுகளின்மேல் கினாகோ என்னும் வறுத்த சோயா மாவைத் தூவி, ஒகினாவாத் தீவுகளின் கருஞ்சர்க்கரையில் காய்ச்சிய பாகை ஊற்றித் தின்பது அது. வறுத்த மாவின் மணத்தையும் வெல்லப் பாகையும் உங்கள் மாமியாருக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

சகுராமோச்சி என்னும் இனிப்பை இலையோடு தின்ன வேண்டுமா, உரித்துவிட்டுத் தின்ன வேண்டுமா?
— வாசகர், புதுச்சேரி

இலையோடுதான். மே 5 அன்று குழந்தைகள் நாளுக்குச் செய்யும் கஷிவாமோச்சியின் ஓக் இலை மட்டும் தின்பதற்கு உரியதன்று. புதுத் தளிர் வரும்வரை பழைய இலை உதிராத மரம் என்பதால் குடும்பம் தழைக்க வேண்டும் என்ற வேண்டுதலாக அதைச் சுற்றுகிறார்கள், உரித்துவிட்டுத் தின்னலாம். சகுராமோச்சியைச் சுற்றியிருப்பது செர்ரி மரத்தின் இலை, அதிலும் ஒஷிமா என்னும் வகையின் இலை. அதை உப்பில் ஊறவைக்கிறார்கள். மரத்திலிருந்து பறித்த பச்சை இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த மணம் வராது, உப்பில் கிடந்த பிறகே வரும். இதற்கான இலை பெருமளவில் இஸு தீபகற்பத்திலுள்ள மத்ஸுஸாக்கி என்னும் சிற்றூரிலிருந்து போகிறது.

ஒன்றைக் கையில் எடுத்து இலையின் ஓரத்தைச் சற்றே தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாவின்மேல் இலை நரம்புகளின் தடம் அப்படியே பதிந்திருக்கும். கடித்ததும் உப்பு முதலில் தெரியும், பிறகு மாவின் மென்மை, பிறகு பூரணம், எல்லாம் விழுங்கி முடிந்த பிறகு மூக்கின் பின்புறத்தில் அந்த இலையின் மணம். டோக்கியோவில் 1717 முதல் சுமிதா ஆற்றங்கரையில் விற்றுவருவது கோதுமை மாவில் ஊற்றிய மெல்லிய தோசை போன்ற உறையில் பூரணத்தைச் சுருட்டியது. கியோட்டோ, ஒசாகா பக்கம் குருணையாக உடைத்த பசையரிசியை வேகவைத்துப் பிடித்தது. கியோட்டோ வகைதான் எனக்கு மேலாகப் படுகிறது. குருணை பல்லில் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுவதே அதற்குக் காரணம்.

பிள்ளையாருக்குப் படைக்கும் கொழுக்கட்டை ஜப்பானிலும் உண்டு என்று ஒருவர் சொன்னார். உண்மையா, வெறும் கதையா?
— வாசகர், மயிலாடுதுறை

உண்மை. இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன்.

நம் விநாயகர் தாந்திரிக பௌத்தத்தின் வழியே சீனம் சென்று, அங்கிருந்து ஜப்பானுக்குப் போனார். கங்கிதென் என்றும் ஷோதென் என்றும் அங்கே அவருக்குப் பெயர். ஷிங்கோன், தெந்தாய் ஆகிய பிரிவுகளின் கோயில்களில் அவருக்கு வழிபாடு நடக்கிறது. யானைத் தலையுடைய இரு உருவங்கள் தழுவி நிற்பதாக அமைந்த அவருடைய திருமேனியைப் பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதில்லை. அவருக்குப் படைக்கும் பண்டத்தின் பெயர் கங்கிதான். மோதகம் என்ற வடசொல்லுக்கு மகிழ்விப்பது என்று பொருள்; கங்கிதான் என்பதற்கு மகிழ்ச்சி உருண்டை என்று பொருள். பண்டத்தோடு பெயரும் மொழிபெயர்ந்து போயிருக்கிறது.

கியோட்டோவில் 1617-இல் தொடங்கிய கமேயா கியோநாகா என்னும் கடையில் இன்றும் இது கிடைக்கிறது. பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது ஒரு சிறிய சுருக்குப்பை. அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த தோலில் பூரணத்தை வைத்து, விளிம்பை எட்டு மடிப்பாகக் கூட்டிப் பிடித்து, மேலே தாமரை மலர்ந்ததுபோல் விரித்துவிட்டு, நல்லெண்ணெயில் பொரித்தெடுத்திருக்கிறார்கள். பழங்காலத்தில் உள்ளே ஆப்ரிகாட் போன்ற பழங்களும் உலர்ந்த சீமைப்பனிச்சையும் செஸ்ட்நட் கொட்டையும் இருந்தன; எடோ ஆட்சிக் காலத்தில்தான் (1603–1868) பயற்றுப் பூரணம் அந்த இடத்தைப் பிடித்தது. அந்தப் பூரணத்தில் சந்தனம், கிராம்பு, இலவங்கப்பட்டை உள்ளிட்ட ஏழு நறுமணப் பொருள்கள் கலந்திருக்கின்றன.

சற்றுச் சூடாக்கித் தின்னச் சொன்னார்கள் என்பதால் அடுப்பில் இரண்டு நிமிடம் வாட்டினேன். நல்லெண்ணெய் வாசம் முதலில் எழுந்தது. ஓட்டை உடைத்ததும் வந்த மணம் இனிப்புக் கடையின் மணமாக இல்லை. கற்பூரம் ஏற்றி முடித்த பிறகு சன்னிதி வாசலில் சற்று நேரம் தங்கியிருக்குமே, அந்த மணத்துக்கு மிக அருகில் இருந்தது. ஓடு கெட்டியானது, கடிக்கச் சற்று அழுத்த வேண்டும். பூரணம் கருமையாக, வழுவழுப்பாக, இனிப்புக்குப் பின் கிராம்பின் காரம் நாவில் நிற்கும்படி இருந்தது. ஆவியில் வெந்த, தேங்காய்ப் பூரணம் வைத்த நம் கொழுக்கட்டையை எதிர்பார்த்து இதைத் தின்றால் ஏமாற்றமே மிஞ்சும். எண்ணெயில் பொரித்த மோதகத்துக்குத்தான் இது தாயாதி. மருந்து வாசனை அடிக்கிறது என்று ஒதுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், அது அவர்கள் நாக்கு. ஏழு ஆண்டுகளில் நான் தின்ற எல்லாவற்றிலும் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

டோக்கியோவின் அசாகுசாவில் மத்ஸுசியாமா ஷோதென் என்ற கோயில் இருக்கிறது. அங்கே அவருக்கு வெள்ளை முள்ளங்கியைப் படைக்கிறார்கள். முள்ளங்கியும் சுருக்குப்பையும்தான் அந்தக் கோயிலின் சின்னங்கள். கங்கிதானும் அதே சுருக்குப்பை வடிவில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவக் குடும்பம். மகள் ஒசாகாவில் படிக்கப் போகிறாள். அவள் எதை நம்பித் தின்னலாம்?
— வாசகி, சென்னை

மரபு இனிப்புகளில் அவளுக்குக் கவலை குறைவு. யோகன் என்னும் பயற்றுக் கட்டி, பூரணத்தைக் கெட்டிப்படுத்தக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரைச் சேர்த்துச் செய்வது. அதன் பெயரை எழுதும் சீன எழுத்துகளுக்கு ஆட்டிறைச்சிக் குழம்பு என்று பொருள் வரும். புலால் உண்ணாத ஜென் துறவிகள் அந்தக் குழம்புக்கு மாற்றாகப் பயற்றைக் கொண்டு செய்ததிலிருந்து வளர்ந்த பண்டம் என்பதால் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே பெயரைப் படித்து அஞ்ச வேண்டாம். மெல்லிய அரிசி ஓட்டுக்குள் பூரணம் வைத்த மொனாகா, மர அச்சில் சர்க்கரையை அழுத்தி எடுக்கும் ரகுகன், வராபிமோச்சி ஆகியவற்றையும் பொதுவாகத் தின்னலாம். தொராயாக்கியிலும் கஸ்தேரா என்னும் கேக்கிலும் முட்டை உண்டு, மஞ்சூவில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிக்கல் பொட்டலத்தில் வரும் நொறுக்குத் தீனியில்தான் இருக்கிறது. வெறும் உப்புச் சுவை என்று எழுதியிருக்கும் உருளை வறுவலில்கூடக் கோழி, பன்றி, மாட்டு இறைச்சிச் சாறு சிறிதளவு சேர்ந்திருக்கலாம். செம்பெய் என்னும் அரிசி அப்பளத்தில் உலர்ந்த மீன் சாறு இருக்கலாம். நான் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம், அரிசியும் சோயாவும்தானே என்று அரைப் பொட்டலம் செம்பெய் தின்று முடித்த பிறகே அதில் கட்ஸுவோ மீன் இருப்பதைப் படித்துக் காட்டினார்கள். ஜவ்வு மிட்டாய்களில் ஜெலட்டின் கலந்திருப்பது வழக்கம். 1975-இல் வந்து இன்று உலகெங்கும் விற்கும் ஹை-ச்யூவும் அதற்கு விலக்கன்று. ஜெலட்டினை 'ஜெராச்சின்' என்றும், சாற்றை 'எகிசு' என்றும் அந்த நாட்டு எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் மகள் கடையில் பாடம் படிக்க வேண்டிய முதல் இரண்டு சொற்கள் இவைதான். இறால், நண்டு, கோதுமை, பக்வீட், முட்டை, பால், நிலக்கடலை, வால்நட் முதலியவற்றைப் பொட்டலத்தில் தனியே குறிப்பிட வேண்டும் என்று அங்கே சட்டம் இருப்பதால் முட்டையைக் கண்டுபிடிப்பது எளிது. இறைச்சிச் சாறுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால், சேர்மானப் பட்டியலை முழுவதும் படித்தே ஆக வேண்டும்.

எங்கள் ஊர் முறுக்குக்குப் பேர்போனது. ஜப்பானியர்கள் அரிசியில் செய்யும் கார வகைகள் முறுக்குக்கு ஈடாகுமா?
— வாசகர், மணப்பாறை

ஈடு என்று ஒரே தராசில் நிறுக்க முடியாது, ஏனென்றால் உங்கள் முறுக்கு எண்ணெயில் வேகிறது, அவர்கள் செம்பெய் பெரும்பாலும் அனலில் வேகிறது. சாதாரண அரிசியை மாவாக்கி, ஆவியில் வேகவைத்துப் பிசைந்து, வட்டமாக வெட்டிக் காயவைத்து, அனலில் திருப்பித் திருப்பி வாட்டிச் சோயா சாற்றைத் தடவுவது செம்பெய். டோக்கியோவுக்கு வடக்கே சோக்கா என்னும் ஊர் இதற்கு உங்கள் மணப்பாறையைப் போன்றது. பசையரிசியில் செய்தால் அரரே என்றும் ஒகாக்கி என்றும் பெயர். அவற்றில் 'காக்கி நோ தானே' என்னும் காரம் எனக்கு மிகவும் பிடித்தது. பனிச்சைப் பழக் கொட்டை என்பது அந்தப் பெயரின் பொருள். நீகாதா மாநிலத்தின் நாகாவோகாவில் 1920-களில் ஒரு கடையில் மாவு வெட்டும் உலோக அச்சு தவறுதலாக மிதிபட்டு நெளிந்துபோக, நெளிந்த அச்சிலேயே வெட்டியதில் பிறந்த வடிவம் என்பது அதன் வரலாறு. இன்று அதை நிலக்கடலையோடு கலந்து விற்கிறார்கள். காரம் ஆறு பங்கு, கடலை நான்கு பங்கு என்று இருந்ததைக் கமேதா நிறுவனம் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி 2020-இல் ஏழுக்கு மூன்று என்று மாற்றியது. கடலை குறைந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

உங்களுக்கு வியப்பாக இருக்கக்கூடியது ஈரச் செம்பெய். வாட்டிய சூட்டிலேயே சோயா சாற்றில் முக்கி எடுப்பதால் அது மொறுமொறுப்பாக இராமல் தோல்போல் இழுபடும். சிபா மாநிலத்தில் சோஷி என்னும் ஊரில் 6.4 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சிறு ரயில் நிறுவனம் இதைச் செய்து விற்கிறது. 2006-இல் வண்டிகளைப் பழுது பார்க்கப் பணமில்லாமல் போனபோது, செம்பெய் வாங்கி உதவுங்கள் என்று அது வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள, நாடெங்கும் மக்கள் வாங்கித் தீர்த்தார்கள். ரயில் இன்றும் ஓடுகிறது. பண்டத்தைப் பற்றிய என் கருத்து வேறு: நமுத்துப்போனதைத் தின்பதுபோல் இருக்கிறது என்று முதல் நாள் ஒதுக்கினேன், மூன்றாவது பொட்டலத்தில் பிடித்துப்போனது.

நமக்கும் அவர்களுக்கும் உண்மையில் ஒற்றுமை இருப்பது சொல்லில். மொறுமொறு, கொழகொழ, பொலபொல என்று நாம் இரட்டைக்கிளவியில் பதம் சொல்வதுபோலவே அவர்களும் சொல்கிறார்கள்: மெல்லிய அப்பளம் உடைவது 'பரிபரி', கெட்டியாக நொறுங்குவது 'கரிகரி', பிஸ்கெட் உதிர்வது 'சகுசகு', மோச்சி இழுபடுவது 'மோச்சிமோச்சி'. தின்பண்டத்தின் பதத்தைச் சொல்ல மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட சொற்கள் அந்த மொழியில் தொகுக்கப்பட்டுள்ளன. கமேதா இந்திய நிறுவனமொன்றோடு சேர்ந்து வட இந்தியாவில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்த அரிசிக் காரத்துக்குக்கூட 'கரி கரி' என்றுதான் பெயர். கிடைத்தால் வாங்கி உங்கள் முறுக்கோடு பக்கத்தில் வைத்துத் தின்று பாருங்கள்.

கிட்கேட்டில் அத்தனை சுவைகள் ஏன்? போக்கியும் கிட்கேட்டும்தான் ஜப்பானிய இனிப்பு என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், மதுரை

கிட்கேட் இங்கிலாந்தில் பிறந்து 1973-இல் ஜப்பானுக்குப் போனது. 'கித்தோ கத்ஸு' என்றால் உறுதியாக வெல்வாய் என்று பொருள். ஒலி ஒத்துப்போனதால் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வாழ்த்தாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஊருக்குப் போனால் அந்த ஊரின் தின்பண்டத்தை அலுவலகத்துக்கும் அண்டை வீட்டுக்கும் வாங்கிவருவது அங்கே கட்டாயக் கடமைபோல் இருப்பதால், ஒவ்வொரு வட்டாரத்தின் விளைபொருளிலும் ஒரு சுவை என்று பெருகியது. உஜித் தேயிலைச் சுவை நன்றாக இருக்கும். மற்ற பலவற்றில் வெள்ளைச் சாக்லேட்டின் இனிப்பே முன்னால் நிற்கிறது. எஸாக்கி கிளிக்கோ நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த, சாக்லேட் தடவிய பிஸ்கெட் குச்சியான போக்கிக்குப் பெயர் வந்ததும் உடையும் ஒலியான 'பொக்கின்' என்பதிலிருந்துதான்.

இவை நல்ல தின்பண்டங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நண்பர்கள் தெருமுனைக் கடைகளில் பிள்ளைகள் சில்லறைக் காசுக்கு வாங்கும் 'தகாஷி'யையும் பார்க்க வேண்டும். உமாய்போ என்னும் சோளக் குச்சி 1979-இல் வந்தது; 10 யென் என்ற விலையை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாற்றாமல் வைத்திருந்து 2022-இல்தான் 12 யென் ஆக்கினார்கள். சோளச் சூப் சுவையுள்ளதை வாங்குங்கள்.

நாங்கள் ரொட்டியைப் பாண் என்கிறோம். ஜப்பானியரும் அப்படியே சொல்கிறார்களாமே?
— வாசகி, யாழ்ப்பாணம்

ஆம், அவர்கள் சொல்லும் 'பான்', நீங்கள் சொல்லும் 'பாண்' இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற ஒரே சொல். பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் கப்பல்கள் இரு கரைகளையும் தொட்டதன் அடையாளம் அது. ஜப்பானிய இனிப்பில் அவர்கள் கை பட்டது இன்னும் ஆழமானது. நாகசாக்கியின் கஸ்தேரா என்னும் முட்டைக் கேக்கின் பெயர் காஸ்தில் நாட்டின் பெயரிலிருந்து வந்தது. வெண்ணெயே சேராத அதன் அடிப்பக்கத்தில் பெருஞ்சர்க்கரைப் பரல்கள் கரையாமல் தங்கியிருக்கும். அந்தக் கடைசிக் கடிக்காகத்தான் நான் அதை வாங்குவேன். கொம்பேத்தோ என்னும் முள்முள்ளான சர்க்கரை மணிகளும் அவர்கள் கொண்டுவந்தவையே. 1569-இல் லூயிஸ் ஃப்ராய்ஸ் என்னும் பாதிரியார் ஒரு கண்ணாடிக் குப்பியில் அவற்றை வைத்து ஒதா நொபுனாகா என்னும் போர்த்தலைவருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். சூடான சாய்ந்த வாணலி சுழன்றுகொண்டே இருக்க, பாகைச் சிறிது சிறிதாக ஊற்றி, மணிகள் உருளும் ஓசையைக் கேட்டே பதம் பார்த்து, ஒரு வாணலியை முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். நாம் கற்கண்டைக் கடிப்பதுபோல் அதைக் கடித்துவிடாமல் வாயில் அடக்கிக்கொள்ளுங்கள்.

பாணும் பூரணமும் சேர்ந்த இடம் அன்பான். டோக்கியோவின் கின்ஸாவில் கிமுரா யாசுபெய் என்பவர் 1874-இல் இதை உருவாக்கினார். மேலைநாட்டு ஈஸ்டுக்கு மாற்றாக, அரிசி மது புளிக்கவைக்கும் நொதியைக் கொண்டு மாவைப் பொங்கவைத்து, உள்ளே அஸுகிப் பூரணத்தை வைத்தார். மறு ஆண்டு ஏப்ரல் 4 அன்று பேரரசர் மெய்ஜிக்குக் கொடுத்தபோது நடுவில் உப்பிட்ட செர்ரிப் பூ ஒன்றைப் பதித்தார். இன்றும் அந்தக் கடையில் பூ பதித்த அன்பான் விற்கிறது. யாழ்ப்பாணத்தில் பணிஸ் தின்று வளர்ந்தவர்களுக்கு ஜப்பானிய இனிப்பில் இதைவிட எளிதான தொடக்கம் இராது.

எழுபத்தெட்டு வயதுத் தாயாருக்கு மோச்சி கொடுக்கலாமா?
— வாசகர், ஈரோடு

இடித்துச் செய்த மோச்சியை முழுதாகக் கொடுக்க வேண்டாம். புத்தாண்டு நாள்களில் மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் இறப்பது ஜப்பானில் ஆண்டுதோறும் நடக்கிறது, தீயணைப்புத் துறை ஒவ்வொரு டிசம்பரிலும் எச்சரிக்கை விடுகிறது. கட்டாயம் தின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டால் சுண்டுவிரல் நகமளவு வெட்டி, முதலில் ஒரு வாய் தேநீர் குடிக்கச் சொல்லி, நீங்கள் அருகில் அமர்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். வாயில் எளிதாக மசியும் யோகனைக் கொடுப்பது இன்னும் நல்லது. சிறு குழந்தைகளுக்கும் இதுவே விதி.

எங்கள் குடியிருப்பில் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு பெட்டி ஜப்பானிய இனிப்பு வரவழைத்துச் சுவைத்துக் கருத்துச் சொல்லிக்கொள்கிறோம். எல்லோரும் 'நன்றாக இருக்கிறது', 'சுமார்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எப்படிச் சுவைத்து எப்படி எழுதுவது?
— வாசகி, சேலம்

உங்கள் குழுவில் ஓர் இடம் எனக்கும் வேண்டும் என்று ஏக்கமாக இருக்கிறது. முதலில் வரிசையை ஒழுங்கு செய்யுங்கள். ரகுகன், கொம்பேத்தோ போன்ற உலர்ந்தவற்றை முதலிலும், பூரணம் வைத்தவற்றை அடுத்தும், சோயாவும் காரமும் உள்ளவற்றைக் கடைசியிலும் வையுங்கள். வசாபி செம்பெய்க்குப் பிறகு ரகுகனைத் தின்றால் அதில் சேர்த்திருக்கும் வசன்போன் சர்க்கரையின் மென்மை யாருக்கும் தெரியாது. ஷிகோகுத் தீவில் கரும்புப் பாகை நீர் விட்டுக் கையால் பிசைந்து பிசைந்து, அழுக்குப் பாகை அழுத்தி வெளியேற்றி எடுக்கும் சர்க்கரை அது. நாவில் வைத்ததும் பனிபோல் கரைந்துபோகும். அதை வீணாக்கக் கூடாது. எட்டுப் பேருக்கும் ஒரே அளவில் வெட்டி, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு பரிமாறுங்கள். இடையிடையே வெந்நீரோ சர்க்கரை சேர்க்காத தேநீரோ குடிக்கட்டும்.

எழுதும்போது இனிப்பின் அளவைப் பற்றி எழுதுவதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முதல் வரியில் பல்லுக்கு எப்படி இருந்தது என்று எழுதட்டும், அதற்குத்தான் நம்மிடம் அத்தனை இரட்டைக்கிளவிகள் இருக்கின்றனவே. இரண்டாவது வரியில் மணம், அதுவும் விழுங்கிய பிறகு நின்ற மணம். மூன்றாவதாக, நம் பண்டங்களில் எதை நினைவூட்டியது, எங்கே அதிலிருந்து விலகியது என்று எழுதினால் படிப்பவருக்கு உடனே பிடிபடும். பிடிக்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் காரணத்தோடு எழுத வேண்டும். 'பயறு வாசம்', 'வாயில் ஒட்டுகிறது' என்பவை நல்ல காரணங்கள். பிடிக்காத பண்டத்தை மட்டும் அடுத்த மாதம் இன்னொரு முறை வேறு கடையிலிருந்து வரவழையுங்கள். பூரணத்தின் தரம் கடைக்குக் கடை மாறுவதால், முதல் முறை கண்டது பண்டத்தின் குறையா, கடையின் குறையா என்பது அப்போதுதான் தெரியும்.

முதல் பெட்டிக்கு யோகனை வாங்குங்கள். ஆறு மாதம், ஓராண்டுகூடக் கெடாத வகைகள் உண்டு என்பதால் சேலம்வரை பத்திரமாக வந்து சேரும். விரல் தடிமனுக்கு மேல் வெட்டாதீர்கள், நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டுங்கள்.